‘சார்’ என்று எழுதிய சீட்டு

நடுவர் அவர்களே, ஆசிரியர் தின விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, கச்சைகட்டி எதிரே அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, வணக்கம்.

படைவீரராக இருந்து பள்ளி ஆசிரியரான ஒருவரை எந்தக் கோலத்தில் நினைவுகூர்வது, சீருடையிலா, கரும்பலகை முன்பா? இதுதான் வழக்கு. எனக்கு முன் பேசியவர், “படை கொடுத்த ஒழுங்குதான் அவரை ஆசிரியராக்கியது. வேரை மறந்துவிட்டுப் பூவைப் பாடாதீர்கள்” என்றார். நல்ல கைத்தட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இரண்டு அணியும் ஜெயித்துவிடும். நடுவருக்கு வேலை இருக்காது. ஆகவே ஒரே ஒரு மனிதரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். பெயர் ஈ. ஆர். பிரெய்த்வெயிட். 1912-இல் பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்த கறுப்பினத்தவர். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போனார்களே, அதே கயானா. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முதுகலை முடித்தார்.

இதுவரை எதிரணிக்குத்தான் மதிப்பெண். ஒப்புக்கொள்கிறேன்.

இனிமேல்தான் வழக்கே இருக்கிறது. விமானப்படையில் இருந்தவரை தன் நிறத்தால் எந்தக் குறையும் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். சீருடையைக் கழற்றினார், வேலை தேடினார். விண்ணப்பத்தைப் பார்த்து நேர்காணலுக்கு ஆசையாக அழைத்தவர்கள், ஆளைப் பார்த்ததும் முகம் மாறினார்கள். பல காலமாக வேலை செய்யும் வெள்ளையர்களுக்கு மேலாக ஒரு கறுப்பரை எப்படி அமர்த்துவது என்று ஓரிடத்தில் நாசூக்காகச் சொல்லி அனுப்பினார்கள். படிப்பும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். துணி மட்டும்தான் வேறு. எதிரணி நண்பரே, நீங்கள் வேர் என்றீர்கள். மண்ணுக்குள் இருப்பதற்குப் பெயர்தான் வேர். தோளில் மாட்டிக் கழற்றி வைப்பதற்குப் பெயர் சட்டை.

வேறு வழியில்லாமல்தான் அவர் ஆசிரியரானார். இதைச் சொன்னால் என் கட்சி பலவீனமாகும் என்று என் அணித் தலைவர் கண்ணைக் காட்டுகிறார். பரவாயில்லை, உண்மை அதுதான். பூங்காவில் சந்தித்த ஒரு முதியவர்தான் கிழக்கு லண்டன் பள்ளிகளில் முயன்று பார்க்கச் சொன்னார். போனார்.

அது குண்டுவீச்சில் சிதைந்த வட்டாரம், ஏழைப் பிள்ளைகள். தலைமை ஆசிரியர் அலெக்ஸ் புளூம் 1945-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் பிரம்பு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பரிசும் கிடையாது. அந்த வாரப் பாடம் எப்படி இருந்தது, வாத்தியார் எப்படி நடத்தினார் என்று மாணவர்களே எழுதிக் கொடுப்பார்கள். நம் ஊரில் இதைச் செய்தால் எத்தனை பேர் விடுப்பில் போவோம் என்று இங்கே கணக்கெடுக்க வேண்டாம்! பிரெய்த்வெயிட்டின் நூல் புளூமுக்கு உரிய பெருமையைக் கொடுக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த மனக்குறை இருக்கிறது.

அந்த வகுப்பில் படை ஒழுங்கு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் மேசையைப் படார் படாரென்று சாத்தினார்கள். ஒருநாள் கணப்பில் எதையோ போட்டு எரித்து வகுப்பையே நாற வைத்தார்கள். வீரர் கொதித்துக் கத்தினார். அதிகாரம் முடிந்த இடம் அதுதான். அதன் பிறகுதான் அவருக்கு வேறு யோசனை வந்தது: இவர்கள் சில மாதங்களில் வேலைக்குப் போகப் போகிறவர்கள், பெரியவர்களாகவே நடத்துவோம். பெண்களை ‘மிஸ்’ என்று அழைக்க வேண்டும், தன்னை ‘சார்’ என்று அழைக்க வேண்டும் என்று விதி வைத்தார். பாடத்தை விட்டு உலகத்தைப் பேசினார். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்.

ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒரு பையனின் தந்தை கறுப்பர். பையனின் தாய் இறந்துவிட்டாள். எல்லோரும் காசு போட்டு மலர்வளையம் வாங்கத் தயார். வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் ஒரே ஒரு பெண்ணைத் தவிர யாரும் தயாரில்லை. கறுப்பர் வீட்டுப் படி ஏறினால் தெரு என்ன பேசும்? இத்தனை மாதம் உழைத்ததெல்லாம் வீண் என்று உடைந்துபோனார் பிரெய்த்வெயிட். இறுதிச் சடங்கு நாளன்று தனியாகப் போனவர், அந்தத் தெருவில் பார்த்தது தன் வகுப்பை. நடுவர் அவர்களே, அன்று அந்தத் தெருவைத் தாண்டி நின்றார்களே, அந்தப் பிள்ளைகள் எந்தப் படையில் பயிற்சி பெற்றவர்கள்?

1959-இல் இதையெல்லாம் ‘டு சார், வித் லவ்’ என்ற நூலாக எழுதினார். 1967-இல் சிட்னி பாய்ட்டியே நடித்துப் படமாக வந்தது. இனவெறி தென்னாப்பிரிக்க அரசு அந்த நூலைத் தடை செய்தது. அவர் விமானப்படையில் இருந்ததற்காகவா பயந்தார்கள்? பிற்பாடு கயானாவின் தூதராக ஐக்கிய நாடுகள் சபையில் அமர்ந்தார், 104 வயது வரை வாழ்ந்தார். அவற்றையெல்லாம் நேரம் கருதித் தாண்டிப் போகிறேன்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். ‘சார்’ என்ற சொல் படையிலும் உண்டு, பள்ளியிலும் உண்டு. படையில் அதைச் சொல்லாவிட்டால் தண்டனை. பள்ளியிலும் முதலில் அவர் விதி போட்டுத்தான் அதை வாங்கினார், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவில் பிள்ளைகள் ஒரு பரிசுப் பொட்டலம் கொடுத்தார்கள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ‘சாருக்கு, அன்புடன்’ என்று இருந்தது. அதன் கீழே வகுப்பு மொத்தமும் கையெழுத்துப் போட்டிருந்தது. அப்படி எழுதச் சொல்லி அவர் எந்த விதியும் போடவில்லை.