லேபிளில் மெர்சோ என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால்

(திரையில்: ஒயின் பாட்டிலின் லேபிள், மிக அருகில்)

இந்த லேபிளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் மெர்சோ என்று ஓர் ஊர்ப் பெயர், கீழே ஒரு குடும்பத்தின் பெயர், அறுவடை ஆண்டு, அவ்வளவுதான். ஷார்டொனே என்று திராட்சையின் பெயரைக் காணவே காணோம். பிரான்சின் பர்கண்டியில் அதுதான் வழக்கம், மெர்சோ வெள்ளை என்றாலே ஷார்டொனே என்று எல்லாருக்கும் தெரியும்.

பர்கண்டி ஒயினுக்கு நான்கு படிகள். அடியில் வட்டாரம் முழுவதற்குமான பொதுப் பெயர், அதற்கு மேல் ஊர்ப் பெயர், அப்புறம் ப்ரிமியே க்ரூ என்ற தேர்ந்த துண்டு நிலங்கள், உச்சியில் கிரான் க்ரூ. நம் கையில் இருப்பது கீழிருந்து இரண்டாவது. அதைக் கேட்டதுமே பலர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். ஒரு குடும்பத்தின் கைப்பக்குவம் தெரிய வேண்டுமானால் அந்த வீட்டு ஊர் ஒயினைத்தான் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும்.

(திரையில்: சரிவின் வரைபடம்)

மெர்சோவில் கிரான் க்ரூ கிடையாது. ஊரை ஒட்டிய மலைச்சரிவின் நடுப்பகுதியில் பெரியேர், ஷார்ம் போன்ற ப்ரிமியே க்ரூ நிலங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரில் வரும் நிலங்கள் அவற்றுக்கு மேலேயும் கீழேயும் சிதறிக் கிடக்கும். மேலே நார்வோ, தியே பக்கம் மண் மெல்லிசு, சுண்ணாம்புக்கல் அதிகம், ஒயினும் விறைப்பாக வரும். கீழே போகப் போக மண் கனக்கும், ஒயினில் சதைப்பற்று கூடும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்று தீர்மானிப்பது குடும்பம்தான்.

ஒரு குடும்பத்தின் நிலம் ஏன் இப்படிப் பல இடங்களில் சிதறியது? பாகப்பிரிவினைதான் பெரிய காரணம். பிள்ளைகளுக்குச் சம பங்கு என்ற நெப்போலியன் காலச் சட்டத்தால், தலைமுறைக்குத் தலைமுறை தோட்டங்கள் சில வரிசைக் கொடிகளாகத் துண்டாகிவிட்டன. வடக்கே க்ளோ த வூஜோ என்ற சுமார் 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு 80 பேர் அளவுக்கு உரிமையாளர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தின் பெயரில் பலருடைய ஒயின் வரும், அதனால்தான் லேபிளில் டொமேன் என்ற சொல்லைத் தேடுங்கள் என்கிறேன்: சொந்தக் கொடி, சொந்தத் திராட்சை என்று அர்த்தம். திராட்சையையோ ஒயினையோ வெளியில் வாங்கி விற்கும் வணிகர்களிலும் நல்லவர்கள் உண்டு, ஆனால் அது வேறு கதை.

(திரையில்: நிலவறை, பீப்பாய் வரிசை)

பறித்த பழத்தை உடனே பிழிந்து, சாற்றை 228 லிட்டர் ஓக் பீப்பாயில் நொதிக்க விடுவார்கள். ஒரு பீப்பாயில் சுமார் 300 பாட்டில். நொதித்து முடித்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதை வடிக்காமல் அப்படியே வைத்து, நுனி வளைந்த ஒரு கம்பியைப் பீப்பாயின் வாய் வழியே விட்டு அவ்வப்போது கலக்குவார்கள். ஒயினுக்கு அந்தத் திரட்சி வருவது இதனால்தான். இன்னொரு பக்கம் பாக்டீரியாக்கள் பச்சை ஆப்பிளின் கூரிய புளிப்பைத் தயிரின் மென்மையான புளிப்பாக மாற்றுகின்றன, வெண்ணெய் வாசனையும் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். எவ்வளவு கலக்குவது, எத்தனை பீப்பாய் புதுசு என்பதில் வீட்டுக்கு வீடு வித்தியாசம். இப்போது பலர் கலக்குவதைக் குறைத்துவிட்டார்கள், எனக்கும் அந்தத் தெளிவான பாணிதான் பிடிக்கும்.

பக்கத்து ஊர் புலின்யியில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் ஆழமாக நிலவறை தோண்ட முடியாது. மெர்சோவில் முடியும், அதனால் இரண்டாவது குளிர்காலமும் ஒயினைப் பீப்பாயில் நிம்மதியாக வைக்கலாம்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். விளைச்சல் குறைந்தால் விலை ஏறத்தானே செய்யும். 2021 ஏப்ரலில் உறைபனி இறங்கியபோது, ராத்திரி முழுக்கக் கொடி வரிசைகளுக்கு நடுவே பெரிய மெழுகு டப்பாக்களை ஏற்றி வைத்துக் காவல் இருந்தார்கள். ஷார்டொனே சீக்கிரம் துளிர்க்கும் கொடி, அடி அதற்குத்தான் பலமாக விழுந்தது. சில வரிசைகளே சொத்தாக இருக்கும் குடும்பத்துக்கு அது எப்பேர்ப்பட்ட அடி!

சரி, எப்படிக் குடிப்பது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள், 12 முதல் 14 டிகிரி போதும், அதைவிடக் குளிர்ந்தால் வாசனை வாயைத் திறக்காது. முடிந்தால் நண்பர்கள் சேர்ந்து, ஒரே ஆண்டின் மெர்சோவை இரண்டு குடும்பங்களிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.