நல்லா கேம் ஆடினா டெஸ்டர் ஆகிடலாமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி கடலூர் முதுநகர்ல இருந்து வந்திருக்கு. பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணா, நான் பி.ஜி.எம்.ஐ-ங்கற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேம் நல்லா ஆடுவேன், ஏஸ் ரேங்க் வரைக்கும் போயிருக்கேன். ஒரு கேம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடி ஆடிப் பாத்துச் சொல்றதுக்கு ஆள் எடுக்கறாங்களே, அந்த வேலைக்கு இது போதுமா? கோடிங் தெரியணுமா? சென்னைக்குப் போகாம இங்க இருந்தே எப்படி ஆரம்பிக்கிறது?"

போதாது தம்பி. ஆடத் தெரிஞ்சிருக்கறது நல்லதுதான், சீக்கிரமா கடைசி லெவல் வரைக்கும் போக முடியும். ஆனா சம்பளம் குடுக்கறது அதுக்கு இல்ல. நீங்க எழுதற ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு, உங்க முகத்தையே பாக்காத ஒரு புரோகிராமர் அவர் டேபிள்ல அதே தப்பை வரவைக்கணும். அது வந்தா நீங்க டெஸ்டர். இன்னொண்ணும் இருக்கு. ரொம்ப நல்லா ஆடறவங்க கை தானாவே சரியான வழியில போயிடும். சுவர் ஓரத்துல முட்டறது, தப்பான நேரத்துல குதிக்கறது, ஒரே பட்டனைப் பதட்டத்துல நாலு தடவை அழுத்தறது எல்லாம் அவங்க செய்யறதே இல்ல. பக், அதாவது கேம்ல இருக்கற தப்பு, பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கறது அங்கதான். அதனால வேணும்னே மோசமா ஆடப் பழகணும்.

டெஸ்டிங்னு ஒரே பேர்ல ரெண்டு வேலை இருக்கறதையும் இங்கயே சொல்லிடறேன். பக் புடிக்கறது ஒண்ணு, க்யூ.ஏ. (தரச் சோதனை)ன்னு சொல்லுவாங்க. கேம் நிக்குதா, கணக்கு தப்புதா, சேவ் ஆனது திரும்ப வருதான்னு பாக்கறது. இன்னொண்ணு ப்ளேடெஸ்ட். கேம் ஒழுங்கா ஓடுது, ஆனா ஆடறவங்களுக்குப் புரியுதா, எங்க சலிச்சுப் போகுது, எந்த நிமிஷத்துல போனைக் கீழ வைக்கறாங்கன்னு பாக்கறது. மாசச் சம்பள வேலை முதல்ல சொன்னதுலதான் அதிகம். ப்ளேடெஸ்ட்டுக்குப் புதுப் புது ஆளுங்களைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கூப்பிடுவாங்க. ஏன்னா ஒரு கேமை முதல் தடவையா ஆடறதுங்கறது ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான்.

சரி, பக் ரிப்போர்ட்டுக்கு வருவோம். "மூணாவது லெவல்ல கேம் மாட்டிக்கிச்சு, சீக்கிரம் சரி பண்ணுங்க"ன்னு எழுதினா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வண்டியில சத்தம் வருதுன்னு மெக்கானிக் கிட்ட கொண்டு போனா அங்க சத்தமே வராது பாருங்க, அந்த நிலைமைதான் புரோகிராமருக்கும். எந்த கியர்ல, எந்த வேகத்துல, வண்டி சூடானதுக்கு அப்புறமா முன்னாடியான்னு சொன்னாதான் அவர் தேடவே ஆரம்பிக்க முடியும்.

பிச்சாவரம் மாதிரி கால்வாய்ல படகு ஓட்டற கேம் ஒண்ணு வச்சுக்குவோம். ரிப்போர்ட் தலைப்பு இப்படி இருக்கணும்: "லெவல் 3 – பாலத்துக்கு அடியில நிறுத்திட்டு, திரும்ப ஆரம்பிச்சா படகு நகரலை." அதுக்குக் கீழ படிகள். கேமைத் திற. லெவல் 3-க்குள்ள போ. படகு முதல் பாலத்துக்கு அடியில இருக்கும்போது நிறுத்தற பட்டனை அழுத்து. 'திரும்ப ஆரம்பி' அழுத்து. நடந்தது என்ன: துடுப்புச் சத்தம் கேக்குது, படகு அசையலை. நடந்திருக்க வேண்டியது என்ன: படகு தொடக்கத்துல இருந்து கிளம்பணும். எத்தனை தடவைக்கு எத்தனை: 10-க்கு 7. அப்புறம் கேமோட பில்ட் நம்பர் (நீங்க ஆடின பதிப்போட எண்), போன் மாடல், ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன், ரேம் எவ்வளவு. கூடவே 20 செகண்ட் ஸ்கிரீன் ரெக்கார்டிங். பில்ட் நம்பரை மட்டும் மறக்கவே கூடாது. நேத்தைய பில்ட்ல இருந்த தப்பை இன்னைக்கே சரி பண்ணியிருப்பாங்க, நீங்க எதைப் பத்திப் பேசறீங்கன்னே தெரியாமப் போயிடும்.

இதோட முடிச்சிடாதீங்க. 10-க்கு 7 வந்துச்சுன்னா அந்த மூணு தடவை ஏன் வரலைங்கறதுலதான் விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. பாலத்தை விட்டு வேற இடத்துல நிறுத்திப் பாருங்க. நிறுத்தாம நேரா திரும்ப ஆரம்பிச்சுப் பாருங்க. சவுண்டை அணைச்சுப் பாருங்க. ரெண்டு விஷயத்தை ஒண்ணா மாத்திட்டா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. கேமை அழிச்சிட்டுப் புதுசா இன்ஸ்டால் பண்ணி ஆடறது வேற, பழைய வெர்ஷன் மேலேயே அப்டேட் போட்டு ஆடறது வேற, ரெண்டையும் பாக்கணும். டெஸ்டர் தினமும் புதுசா இன்ஸ்டால் பண்றதால அவர் போன்ல எல்லாம் சரியா இருக்கும். மூணு மாசமா ஆடிக்கிட்டிருக்கறவர் அப்டேட் போட்டதும் அவரோட பழைய சேவ் புது வெர்ஷனுக்குப் புரியாம லெவல் எல்லாம் அழிஞ்சு போகலாம்.

ஸ்கிரீன் வேகம் அடுத்தது. ஃப்ரேம்னா திரையில அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு படம். செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடற போன்ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 120 ஃப்ரேம் போன்ல அது 8.3. படகு நகர்றதை நேரத்துக் கணக்குல எழுதாம ஃப்ரேம் கணக்குல எழுதியிருந்தா, விலை கூடின போன்ல படகு ரெண்டு மடங்கு வேகமா பறக்கும். பழைய போன்ல 20 ஃப்ரேமுக்கு இறங்கினா ஒரு ஃப்ரேமே 50 மில்லிசெகண்ட் ஆகிடும். அப்போ ஒரே ஃப்ரேம்ல படகு தாண்டற தூரம் சுவரோட தடிமனை விட அதிகமாகி, சுவருக்கு அந்தப் பக்கம் போயிடலாம். "சில போன்ல மட்டும் சுவரைத் தாண்டுது"ன்னு புகார் வந்தா முதல்ல ஃப்ரேம் ரேட்டைக் குறிச்சு வையுங்க.

எல்லை எண்களையும் விடாதீங்க. 0 காசு வச்சிக்கிட்டு வாங்கிப் பாக்கறது, பை நிறைஞ்சதுக்கு அப்புறம் இன்னொரு பொருளை எடுக்கறது, 999-க்கு மேல இன்னொண்ணு சேர்க்கறது. 1980-ல வந்த பேக்-மேன்ல லெவல் நம்பரை 8 பிட்ல வச்சிருந்தாங்க. அதுல 255 வரைக்கும்தான் இடம். 256-வது லெவல்ல திரையோட வலது பாதி முழுக்கக் குப்பை எழுத்தா வந்து, மேல ஆடவே முடியாமப் போச்சு. அவ்வளவு தூரம் யாரு ஆடப் போறாங்கன்னு நினைக்கக் கூடாது, ஆடுவாங்க.

மொபைல் கேம்ல நடுவுல வர்ற இடைஞ்சல்தான் பெரிய சோதனை. போன் கால் வருது, அலாரம் அடிக்குது, ஹெட்செட்டைப் புடுங்கறாங்க, வாட்ஸ்அப் பாத்துட்டுத் திரும்பறாங்க. 3 ஜி.பி. ரேம் போன்ல கேமராவைத் திறந்தாலே பின்னாடி இருக்கற கேமை ஆண்ட்ராய்டு மூடிடலாம். திரும்பி வந்தா விட்ட இடத்துல நிக்குதா, முதல்ல இருந்து வருதா? இதைக் கையால வரவைக்கறதுக்கு, செட்டிங்ஸ்ல 'அபவுட் போன்' போயி அங்க இருக்கற போனோட பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதுல 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்'னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணிட்டு சோதிங்க. முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா மத்த ஆப் எல்லாம் தகராறு பண்ணும்.

நெட்வொர்க்குக்கு நம்ம ஊர்லயே நல்ல இடம் இருக்கு. புதுச்சேரியில இருந்து கடலூர் வர்ற பஸ்ல ஏறி அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில்னு வர வர ஆடுங்க. டவர் மாறும்போது கேம் தானா திரும்ப இணையுதா, சும்மா சுத்திக்கிட்டே இருக்குதான்னு தெரியும். காசு சம்பந்தப்பட்ட இடத்துல இன்னும் கவனம். 'வாங்கு' அழுத்தின உடனே ஏரோப்ளேன் மோடு போடுங்க. பணம் போயி பொருள் வரலையா, இல்ல கேமைத் திரும்பத் திறந்தா பொருள் ரெண்டு தடவை வருதா? கூகுள் பிளேல வாங்கினதை கேம் மூணு நாளுக்குள்ள உறுதி பண்ணலைன்னா பணம் தானா திரும்பிப் போயிடும். அதனால "பொருள் வந்துச்சு"ங்கறதோட நிறுத்தாதீங்க, அந்த உறுதி போச்சான்னும் கேளுங்க. இதெல்லாம் டெஸ்ட் அக்கவுண்ட்ல மட்டும், சொந்தக் காசுல வேண்டாம்.

போன் தேதியை ஒரு நாள் தள்ளி வச்சுப் பாருங்க, தினப் பரிசு ரெண்டு தடவை கிடைக்குதான்னு. புது டாஸ்க் ராத்திரி 12 மணிக்கு வராம காலையில அஞ்சரைக்கு வந்தா சர்வர் யூ.டி.சி.ங்கற உலகப் பொது நேரத்துல ஓடுதுன்னு அர்த்தம். அது பக் தானா, இல்ல வேணும்னே வச்சதான்னு கேட்டுட்டு எழுதுங்க. மே மாசம் நம்ம ஊர் வெயில் அடிக்கும்போது 40 நிமிஷம் விடாம ஆடிப் பாருங்க. போன் சூடானா பிராசஸர் வேகத்தைத் தானாக் குறைச்சுக்கும், அப்போ கேம் எவ்வளவு இழுக்குதுன்னு ஏசி ரூம்ல உக்காந்திருக்கற டீமுக்குத் தெரியாது. ரெண்டு மணிக்கு சில்வர் பீச்ல நின்னு பாத்தா எந்த எழுத்து படிக்கவே முடியலைன்னும் தெரிஞ்சிடும்.

இப்போ மொழி. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது பெரிய பலம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 'கெ'ன்னு எழுதினா கொம்பு முன்னாடி வருது. ஆனா உள்ள சேமிக்கும்போது க முதல்ல, கொம்பு அடுத்து. வரையும்போது அதை இடம் மாத்தறதுக்கு ஒரு தனி வேலை நடக்கணும், ஷேப்பிங்னு பேரு. கேம் உருவாக்கற மென்பொருளான யூனிட்டியில, எழுத்தைக் காட்டறதுக்குப் பரவலா பயன்படுத்தற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைத் தானா செய்யாது, அதனால கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். அதே மாதிரி இன்னொரு மென்பொருளான கோடோ 4-ல, ஷேப்பிங் செய்யற ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கறதால அந்தத் தொல்லை குறைவு. தமிழ் தெரியாத டீமுக்கு இது தப்புன்னே கண்ணுல படாது. "கெண்டை, கேழ்வரகு, கைலி, கொக்கு, கோலம், கௌதாரி, ஸ்ரீ"ன்னு ஒரு வரி வச்சுக்கோங்க, எல்லாத் திரையிலயும் ஓடவிட்டா ஒரே பார்வையில தெரிஞ்சிடும். கட்டம் கட்டமா வந்தா ஃபாண்ட்டுல அந்த எழுத்தே இல்ல. தமிழ் வார்த்தை நீளம் வேற, பட்டனை விட்டு வெளிய வழியும், ரெண்டு வரியா உடையும். அதையும் ஸ்கிரீன்ஷாட்டோட எழுதுங்க.

புதுச்சேரியில பிரெஞ்சு தெரிஞ்ச குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சு வெர்ஷனைச் சோதிக்கறது தனி வேலையாவே இருக்கு. பிரெஞ்சுல கேள்விக்குறி, ஆச்சரியக்குறிக்கு முன்னாடி சின்ன இடைவெளி விடணும். அது உடையாத இடைவெளியா இல்லைன்னா கேள்விக்குறி மட்டும் தனியா அடுத்த வரியில போய் உக்காரும். நாம நீ, நீங்கன்னு சொல்ற மாதிரி அவங்களுக்கு தூ, வூ. ஒரு பாத்திரம் ராஜாவை முதல் காட்சியில வூன்னு கூப்பிட்டு அடுத்த காட்சியில தூன்னு கூப்பிட்டா அதுவும் பக்தான். இதெல்லாம் அகராதி வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, பேசற ஆள் வேணும்.

ப்ளேடெஸ்ட் நடத்தற பக்கம் நீங்க இருந்தா பெரிய திறமை வாயை மூடிக்கிட்டு உக்காரறதுதான். அக்கா கையிலயோ அத்தை கையிலயோ போனைக் குடுத்திட்டு, எந்தப் பட்டனைத் தேடறாங்க, எத்தனை செகண்ட் முழிக்கறாங்கன்னு எழுதுங்க. "அங்க இல்ல, இங்க"ன்னு ஒரு தடவை சொல்லிட்டா அந்த சோதனை கெட்டுப்போச்சு. முடிஞ்சதும் "நல்லா இருந்துச்சா?"ன்னு கேக்காதீங்க, மரியாதைக்கு நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. "இந்தப் பட்டன் என்ன செய்யும்னு நினைச்சு அழுத்தினீங்க?"ன்னு கேளுங்க. அவங்க எங்க இடறினாங்கங்கறதை அப்படியே நம்பலாம். எப்படிச் சரி பண்ணணும்னு அவங்க சொல்ற யோசனையைத் தனியா எழுதி வையுங்க, காரணம் வேற இடத்துல இருக்கலாம்.

கோடிங் கட்டாயம் இல்ல. லாக், அதாவது கேம் ஓடும்போது பதிவாகற குறிப்பு, எடுக்கத் தெரிஞ்சா போதும், கேம் மூடிக்கிட்ட நேரத்துல என்ன பிழை வந்துச்சுன்னு அதுல இருக்கும். பக்கைப் பதிவு பண்ற ஜிராங்கற மென்பொருளும் எக்செலும் ஒரு வாரத்துல பழகிடும். ரிப்போர்ட் பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும்; அலங்காரம் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியமா எழுதப் பழகுங்க. தப்போட கடுமை வேற, அவசரம் வேற, அதையும் பிரிச்சுப் போடத் தெரியணும். முதல் திரையில கேமோட பேர்லயே எழுத்துப் பிழைன்னா கடுமை கம்மி, அவசரம் அதிகம்.

ஆரம்பிக்கறதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் கூகுள் பிளேல தனிநபர் டெவலப்பர் அக்கவுண்ட் திறந்தவங்க, கேமை எல்லாருக்கும் வெளியிடறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 டெஸ்டர்களைத் தொடர்ந்து 14 நாள் வச்சிருக்கணும். அதனால தனியா கேம் பண்றவங்க டெஸ்டர் கிடைக்காமத் தேடிக்கிட்டிருக்காங்க. அவங்க கேமை எடுத்து 14 நாளும் ஒழுங்கா ஆடி, முறையா ரிப்போர்ட் குடுங்க. அவங்க அனுமதி குடுத்தா அதுல நல்ல பத்து ரிப்போர்ட்டை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சேர்த்து அனுப்புங்க. அனுமதி இல்லாம வெளிவராத கேமோட ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட ஸ்டேட்டஸ்ல போடக் கூடாது, அது ஒண்ணுக்கே ஒப்பந்தத்தை முறிச்சிடுவாங்க.

டெஸ்டர் வேலை தர்றோம், பதிவுக்கு முன்பணம் கட்டுங்கன்னு யாராவது கேட்டா அது ஏமாத்து வேலை, பதிலே போடாதீங்க. போன் விஷயத்துல, இப்போ கையில இருக்கறதே போதும். முடிஞ்சா வீட்ல சும்மா கிடக்கற பழைய 2 ஜி.பி., 3 ஜி.பி. ரேம் ஆண்ட்ராய்டு போன் ஒண்ணை சார்ஜ் போட்டு எடுத்துக்கோங்க. அதுல வர்ற பல பக் புது போன்ல வராது.