யாளி வாயில் உருளும் பந்து: முதல்முறையாக பாலிமர் கிளே

வணக்கம் நண்பர்களே. மேசையில் துணி போட்டு மூடி வைத்திருப்பதைக் கடைசியில்தான் திறப்பேன். முதலில் இந்த வெளிர்பழுப்புக் கட்டியைப் பாருங்கள். சூப்பர் ஸ்கல்பி என்ற பாலிமர் கிளே.

இதுவரை நான் செய்த உருவம் எல்லாம் எம்-சீல், இல்லையென்றால் கிரீன் ஸ்டஃப். இரண்டுமே எப்பாக்ஸி, அதாவது இரண்டு பசைகளைச் சேர்த்துப் பிசையும் வகை. பிசைந்த நிமிடத்திலிருந்தே இறுகத் தொடங்கிவிடும். கட்டைவிரல் உயரப் போர்வீரனுக்கு அது சரி. இந்த முறை ஆசைப்பட்டது 30 செ.மீ. உயர யாளிக்கு. பிடரியில் ஒரு சுருளைச் சீவி முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் பக்கத்தில் இருப்பது கல்லாகிவிடும். விலையும் இருக்கிறது, கிரீன் ஸ்டஃபில் முழு யாளி செய்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

பாலிமர் கிளே காற்றில் காயாது. உள்ளே இருப்பது பி.வி.சி. தூளும் அதை இளக்கி வைக்கும் ஒரு எண்ணெய்ப்பசையும். 130 டிகிரியில் சுட்டால் தூள் அந்தப் பசையைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 6 மி.மீ. கனத்துக்கு 15 நிமிடம் கணக்கு. 1960களில் டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டை வெளியே கடத்தத்தான் இதை உருவாக்கினார்களாம். அந்த வேலைக்கு உதவவில்லை, நம்மிடம் வந்துவிட்டது.

காயாது என்றதும் எனக்கு ஒரே குஷி. விளைவு? துதிக்கையின் மடிப்புகளை மட்டும் ஆறு நாள் அழித்து அழித்துச் செய்தேன். எம்-சீல் தானே இறுகி, ‘போதும், விடு’ என்று சொல்லிவிடும். இது சொல்லவே சொல்லாது.

அப்புறம் நம் மே மாத வெயில். மதியம் கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இளகுகிறது, தொட்ட இடமெல்லாம் கைரேகை. பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தேன். ரேகையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் நீவினால் போய்விடும். இன்னொன்று: மிச்சக் கிளேயை ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன், மறுநாள் டப்பாவின் அடியே பிசுபிசுவென்று உருகியிருந்தது. அந்த டப்பா பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், அதைக் கிளேயில் இருக்கும் பசை அரித்துவிடும். பாலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

உள்ளே முழுக்க கிளே இல்லை. அலுமினியக் கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் ஃபாயிலைக் கசக்கி இறுக்கிச் சதை. அதற்கு மேலேதான் கிளே, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனத்தில். இதை நான் தொடையில் மறந்தேன். அங்கே இரண்டு செ.மீ. அப்பிவிட்டேன். போதாததற்கு, ஆறும்வரை பொறுக்காமல் சூட்டோடு வெளியே எடுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், விரல் நீளத்துக்கு விரிசல். அதை அடைத்தது யார் தெரியுமா? நம்ம எம்-சீல்தான்.

சுட்டது கிளேவுக்கென்றே வாங்கிய பழைய ஓவனில். சமைக்கும் ஓவனில் வைக்காதீர்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும், ஓவனின் திருகை நம்ப முடியாது. சூடு எக்கச்சக்கமாக ஏறினால் பி.வி.சி. கருகி நெஞ்சை அடைக்கும் புகை வரும். யாளி நிமிர்ந்து நிற்க உள்ளே உயரம் போதவில்லை, படுக்க வைத்துத்தான் சுட்டேன்.

சரி, இந்தக் கிளேயை வாங்கியதற்கு உண்மையான காரணம் வேறு. கோயில் யாளி வாயில் கல் உருண்டை பார்த்திருப்பீர்கள். விரலால் தள்ளினால் உருளும், வெளியே வராது. சிற்பி அதை ஒரே கல்லில் குடைந்திருப்பார். எனக்கு அந்தக் கை கிடையாது. ஆனால் இந்தக் கிளேயைச் சுட்டபின் அதன்மேல் சுடாத கிளே வைத்து மறுபடியும் சுடலாம். அதனால் கோலிக்குண்டு அளவு உருண்டையை முதலில் சுட்டு, ஒட்டாமல் இருக்கச் சோளமாவில் புரட்டி, அதைச் சுற்றி வாயையும் பற்களையும் கட்டினேன்.

இரண்டாவது முறை சுட்டு, இந்தத் தடவை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் தள்ளிப் பார்த்தால் உருண்டை அசையவில்லை. ஒரு பல்லுக்குப் பின்னால் மாவு படாமல் ஒட்டியிருக்கிறது. ஊசியை விட்டு நெம்பினேன், பல் போய்விட்டது. இதோ துணியை எடுக்கிறேன். இடது பக்கம் இரண்டாவது பல், ஒட்டுப்போட்டது, தெரிகிறதா? தெரியத்தான் செய்யும், இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன். மெதுவாக ஆட்டுகிறேன், கேளுங்கள்.

கடகட.

இன்னொரு தடவை ஆட்டட்டுமா?