சிக்கரி கலந்த லீலை

(காட்சி: தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலை. மேலகரம் பெயர்ப்பலகை.)

வணக்கம். பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுளை ஓட்டலுக்குக் கூட்டிப்போன மனுஷனுக்கு இதுதான் ஊர். பெயர் கந்தசாமிப் பிள்ளை. கதாபாத்திரம்தான், ஆனால் இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தக் குரலை இன்றைக்கும் கேட்கலாம். மேலகரம் இப்போது தென்காசி மாவட்டம், 2019 வரை திருநெல்வேலிதான்.

1943-ல் 'கலைமகள்' இதழில் வந்த கதை 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. எழுதியவர் சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன். பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்றாலும் கல்லூரிப் படிப்பு, பேச்சு, நக்கல் எல்லாம் திருநெல்வேலி.

இது ஒரு பரிசோதனைக் கதை. அப்படிச் சொன்னதும் தலைகால் புரியாத எதையோ எதிர்பார்ப்போம். இதில் ஒரே ஒரு விஷயம்தான் மாறுகிறது: சென்னைத் தெருவில் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். மற்றதெல்லாம் அணா பைசா சுத்தம்.

(காட்சி: டவரா டம்ளர். ஆவி பறக்கிறது.)

காப்பி உள்ளே போனதும் கடவுள் முகத்தில் ஒரு களை. தன் லீலை என்று பெருமைப்படுகிறார். பிள்ளைவாள் விடுவாரா? உம்ம லீலை இல்லை, ஓட்டல்காரன் லீலை, சிக்கரிப் பவுடர் போட்டிருக்கிறான் என்கிறார். கவனியுங்கள், அவர் கும்பிடவில்லை, கிண்டலும் செய்யவில்லை. நிஜமாகவே சிக்கரியைப் பற்றித்தான் பேசுகிறார்.

அப்புறம் சந்தா. பிள்ளை நடத்துவது சித்த வைத்தியப் பத்திரிகை; ஆயுள் சந்தா 25 ரூபாய். யார் ஆயுள் என்று கேட்கிறார், சாவே இல்லாத கடவுள். உம்முடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, பத்திரிகையின் ஆயுள் என்று பதில் வருகிறது. சிறுபத்திரிகை நடத்திக் கைசுட்டவர்கள் இந்த இடத்தில் சிரிக்கமாட்டார்கள்.

இதே புதுமைப்பித்தன் இன்னொரு கதையில் கட்டிலைப் பேசவிடுகிறார், வேறொன்றில் வேதாளத்தைக் கூட்டிவருகிறார். 'கயிற்றரவு' தனி ரகம், காலமே அதில் முறுக்கிக் கிடக்கிறது. மூன்றாம் முறை படித்தபோதுதான் எனக்கு லேசாகப் பிடிபட்டது. 1948-ல், 42 வயதில் போய்விட்டார் மனுஷன்.

(காட்சி: ஓர் உள்ளங்கை. அதில் சில்லறை.)

கந்தசாமிப் பிள்ளையைப் படிக்கப் போகிறவர்கள் தொடக்கத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். டிராம் வண்டியா பஸ்ஸா, வெற்றிலையா அரைக் கப் காப்பியா என்று பிள்ளை காலணாவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கு முடிவதற்குள் கடவுள் வந்து நிற்கிறார்.