எதிர்க்கட்சிக்கு நாற்காலி இல்லாத பேச்சுவார்த்தை

அவையோர்க்கு வணக்கம். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், சீனாவின் நான்ஜிங் நகரில், தைவான் அரசில் பெருநிலச் சீன விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் வாங் யூ-ச்சியும், பெய்ஜிங்கின் தைவான் விவகார அலுவலகத் தலைவர் ஜாங் ஜிஜுனும் எதிரெதிரே அமர்ந்தார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற அரசு 1949இல் தைவானுக்குப் பெயர்ந்த பின்னர், இரு அரசுகளின் பொறுப்பாளர்களும் தத்தம் பதவியோடு சந்தித்தது அதுவே முதல் முறை. அன்று ஒருவரையொருவர் பதவிப் பெயரால் விளித்துக்கொண்டார்கள். வெளியாருக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றலாம்; எதிர்த்தரப்பை அரசு என்று ஏற்கவே மறுத்து, 1990களின் தொடக்கத்திலிருந்து அரை அரசு அமைப்புகளின் பெயரிலேயே பேசிவந்தவர்களுக்கு, அந்த ஒரு விளிச்சொல்லுக்குப் பின்னால் 65 ஆண்டுக் காலம் இருந்தது.

ஐந்தே வாரங்களில் அந்த முயற்சி தைவான் தலைநகர் தைப்பேயில் தடுமாறி விழுந்தது. அதைத் தடுக்கி விழச் செய்தது பெய்ஜிங் அல்ல, வீட்டுக்குள் இருந்த கட்சிப் பகை என்பதுதான் இன்று நான் பேச வந்த செய்தி.

2013 ஜூனில் இரு தரப்பும் சேவைத்துறை வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தன. நாடாளுமன்றம் அதைப் பிரிவு பிரிவாக விவாதித்து வாக்கெடுக்க வேண்டும் என்று கட்சிகள் தமக்குள் உடன்பட்டும் இருந்தன. எதிர்க்கட்சியான ஜனநாயக முற்போக்குக் கட்சியினர் குழுக் கூட்டங்களில் மேடையை மறித்து நின்றார்கள். ஆளும் குவோமின்டாங் கட்சியினர் பொறுமை இழந்தார்கள். 2014 மார்ச் 17ஆம் நாள், குழுவுக்குத் தலைமை வகித்த ஆளுங்கட்சி உறுப்பினர் சாங் சிங்-சுங், கூச்சலுக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவே ஒலிவாங்கியைக் கையில் பிடித்து, பரிசீலனைக்குரிய காலம் கடந்துவிட்டதால் ஒப்பந்தம் பரிசீலிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஏறத்தாழ 30 விநாடிகளில் அறிவித்துவிட்டார். ஒரு தலைமுறையின் பிழைப்பைத் தொடும் ஒப்பந்தத்துக்கு அரை நிமிடம். அவருடைய பெயரின் ஒலியோடு பொருத்தி ‘அரை நிமிடம்’ என்று மக்கள் அவருக்குப் பட்டப்பெயரே சூட்டினார்கள். மறுநாள் இரவு மாணவர்கள் நாடாளுமன்ற அவைக்குள் புகுந்தார்கள். ஏப்ரல் 10 வரை அங்கிருந்து நகரவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மாணவர்கள் வெளியேற வழி திறந்தவர் நாடாளுமன்றத் தலைவர். உடன்படிக்கைகளைக் கண்காணிக்கும் சட்டம் வரும்வரை இந்த ஒப்பந்தத்துக்காகக் கட்சிகளுக்கிடையிலான பேச்சுக் கூட்டத்தைக் கூட்டமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அவரும் குவோமின்டாங் கட்சிக்காரரே. ஏழு மாதங்களுக்கு முன்னர் அதிபர் மா யிங்-ஜியோ கட்சியைவிட்டு நீக்க முயன்ற அதே மனிதர். ஆக, நீரிணைக்கு அப்பால் இருப்பவரோடு கைகுலுக்க முடிந்த அதிபரால், தம் கட்சிக்காரரையே தம் பக்கம் நிறுத்த முடியவில்லை. அந்த ஒப்பந்தம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

பழியை ஒரு கட்சியின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. கண்காணிப்புச் சட்டம் வேண்டுமென்று அன்று உரக்கக் கேட்ட ஜனநாயக முற்போக்குக் கட்சி, 2016 முதல் எட்டு ஆண்டுகள் ஆட்சியும் நாடாளுமன்றப் பெரும்பான்மையும் ஒருசேரக் கையில் இருந்தும் அதை நிறைவேற்றவில்லை. பெய்ஜிங்கும் இந்தப் பிளவைத் தனக்கு வாய்ப்பாக எடுத்துக்கொண்டது. 2000இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனநாயக முற்போக்குக் கட்சி அதிபர் சென் ஷுய்-பியானின் அரசோடு பேச மறுத்த அது, 2005 ஏப்ரலில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த குவோமின்டாங்கின் தலைவர் லியென் சானை வரவேற்றது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹூ ஜின்டாவ் அவரோடு நடத்திய சந்திப்பு, 1945க்குப் பின் அவ்விரு கட்சித் தலைவர்களிடையே நடந்த முதல் சந்திப்பு. 2008 மே மாதத்தில் குவோமின்டாங் ஆட்சிக்கு வந்ததும், ஒன்பது ஆண்டுகளாக நின்றுபோயிருந்த பேச்சு ஒரு மாதத்துக்குள் மீண்டும் தொடங்கியது. அந்த வேகம் கண்டு மகிழ்ந்தவர்கள் அதிலிருந்த ஆபத்தைக் கவனிக்கவில்லை: எந்தக் கட்சி வந்தால் கதவு திறக்குமோ, அந்தக் கட்சி போனால் அது மூடிக்கொள்ளும்.

மூடவும் செய்தது. 2015 டிசம்பர் 30ஆம் நாள் இரு தரப்பு அமைச்சர்களுக்கும் இடையே நேரடித் தொலைபேசி இணைப்பு தொடங்கப்பட்டது. தைவான் பக்கம் அதில் பேசியவர் அமைச்சர் ஆண்ட்ரூ ஷியா. அடுத்த ஆண்டு மே 20இல் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சாய் இங்-வென் அதிபரானார். சீனா ஒன்றே என்று இரு தரப்பும் 1992இல் உடன்பட்டதாகச் சொல்லும் ‘1992 ஒருமித்த கருத்து’ எனப்படுவதை அவர் ஏற்கவில்லை என்று சொல்லி, அதே நாளிலிருந்து அதிகாரபூர்வத் தொடர்பைப் பெய்ஜிங் நிறுத்திக்கொண்டது. அந்தத் தொடரே கட்சிச் சண்டையின் சான்று. 1992இல் ஹாங்காங்கில் பேச்சு நடந்தது உண்மை. பெயரைச் சூட்டியதோ, 2000இல் ஆட்சி கைமாறவிருந்த வேளையில், குவோமின்டாங் அரசின் அமைச்சர் சு ச்சி. ஒரு கட்சி வைத்த பெயரை மற்றக் கட்சியின் வாயால் சொல்லவைப்பதே பேச்சுக்கு முன்நிபந்தனை ஆகிவிட்டது. அதே ஆண்ட்ரூ ஷியா, 2022 ஆகஸ்டில், சீனப் படைகள் தைவானைச் சூழ்ந்து போர்ப்பயிற்சி நடத்திய மாதத்தில், குவோமின்டாங்கின் துணைத் தலைவராகச் சீனாவுக்குப் போனார். அரசின் தொலைபேசிக்கு மறுமொழி இல்லாத காலத்தில் கட்சியின் விமானப் பயணம் தடையின்றி நடந்தது.

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் வில்லி பிராண்ட் கிழக்கோடு உறவு கொள்ள முனைந்தபோது, 1972 ஏப்ரலில் எதிர்க்கட்சி அவரை வீழ்த்தவே பார்த்தது. இரண்டு வாக்குகளில் முயற்சி தோற்றது. கிழக்கு ஜெர்மனியுடனான அடிப்படை ஒப்பந்தத்தை பவேரிய மாநில அரசு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை இழுத்தது. சண்டை கடுமையானதுதான், ஆனால் வாக்கெடுப்பிலும் வழக்கிலும் முழுதாக நடந்து முடிந்த சண்டை. அதனால்தான், 1987 செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரை மேற்கு ஜெர்மனித் தலைநகர் பானில் வரவேற்றவர், 1972இல் எதிர்க்கட்சியாக இருந்து பின்னர் ஆட்சிக்கு வந்த கட்சியின் ஹெல்முட் கோல் என்பது யாருக்கும் முரணாகப் படவில்லை. கிழக்கு ஜெர்மனி மேற்கைத் தன் மாநிலம் என்று உரிமை கொண்டாடவில்லை என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும் தோற்ற தரப்பையும் கேட்டு முடித்த ஒப்பந்தத்துக்கே அடுத்த ஆட்சியிலும் ஆயுள் உண்டு என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

அப்படிப்பட்ட ஆயுள் இல்லாததன் விலையை சீனக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தைவானின் ஆளுகையில் உள்ள கின்மென் தீவில் பார்க்கலாம். 1990இல், தைவான் திருப்பியனுப்பிய சீனர்கள் படகின் அடித்தளத்தில் மூச்சுத் திணறி 25 பேர் இறந்தபோது, இரு அரசுகளுக்கும் இடையே எந்த வழியும் இல்லை. ஆயினும் இரு தரப்புச் செஞ்சிலுவைச் சங்கங்களும் அந்தத் தீவிலேயே கூடி, செப்டம்பருக்குள் உடன்பாடு கண்டன. 2024 பிப்ரவரி 14ஆம் நாள், தைவான் கடலோரக் காவல்படை துரத்திய சீன விரைவுப்படகு அதே தீவின் அருகே கவிழ்ந்து, நால்வரில் இருவர் இறந்தார்கள். இம்முறை ஒப்பந்தங்கள் இருந்தன, அமைப்புகள் இருந்தன, தொலைபேசியும் இருந்தது. இருவரின் உடலும் உறவினர் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஜூலை மாத முடிவில்.