இடைக்கால ஐரோப்பிய அரசிகளுக்குத் திருமணம் தந்தது அதிகாரமா, தளையா? – தளையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மணமே அரசிகளுக்கு அதிகாரம் தந்தது என்ற தன் வாதத்தை இரண்டு பெயர்களை வைத்தே கட்டினார். ஒன்று, தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் நாட்டு எலினோர். மற்றொன்று, அவருடைய பேத்தி, இன்றைய ஸ்பெயினில் உள்ள காஸ்தீல் நாட்டு பிளான்ஷ். இருவரும் ஆண்டார்கள், மறுக்கவில்லை. எப்போது ஆண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

எலினோர் 1137-இல் பிரான்சின் ஏழாம் லூயியை மணக்கும்போதே அக்கித்தேன் அவருடைய தந்தைவழிச் சொத்து. மணம் கொடுத்ததல்ல. 1152 மார்ச்சில் அந்த மணம் செல்லாது என்றார்கள். மகள்கள் இருவரும் தகப்பனிடமே நின்றுவிட்டார்கள். ஊர் திரும்பும் வழியில் அவரைக் கடத்தி மணக்க இருவர் முயன்றதாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. எட்டே வாரத்தில், மே 18 அன்று, பின்னர் இங்கிலாந்து மன்னரான ஆஞ்சு நாட்டு ஹென்றியை மணந்தார். 1173-இல் மகன்கள் அப்பனை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்கள் பக்கம் நின்றதற்காக அந்தக் கணவரே அவரைக் காவலில் வைத்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள்! 1189-இல் ஹென்றி இறந்த பிறகுதான் கதவு திறந்தது. பின்னாளில் மகன், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு, ஜெர்மனியில் சிறைப்பட்டபோது, 1,50,000 மார்க் மீட்புத்தொகைக்காக நாட்டையே திரட்டியவர் கைம்பெண் எலினோர்.

பிளான்ஷ் 12 வயதில், 1200-இல், ஒரு சமாதான உடன்படிக்கைக்கு முத்திரையாகப் பிரான்சு வந்தவர். அவர் கைக்கு ஆட்சி வந்தது 1226-இல், கணவர் இறந்து, 12 வயது மகன் அரியணை ஏறியபோது. எதிரணி காட்டிய இரண்டு சான்றுகளும் கைம்மைக்குச் சான்று ஐயா, மணத்துக்கு அல்ல.

பணக் கணக்குக்கு வருவோம். பெண் வீட்டார் கொடுக்கும் சீதனம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தவணை தவணையாகப் போகும். 1396-இல் இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டுக்குப் பிரெஞ்சு இளவரசி இசபெல்லைக் கொடுத்தபோது பேசிய தொகை 8,00,000 பிராங்க். மணப்பெண்ணுக்கு 7 வயது நிறையவில்லை. ரிச்சர்டு 1400-இல் மாண்டார். அடுத்த ஆண்டு குழந்தை ஊர் திரும்பியது, சீதனம் திரும்பவில்லை.

சீதனத்துக்கு ஈடாகக் கணவன் ஒதுக்குவது கைம்பெண் பங்கு. இங்கிலாந்து வழக்கில் பொதுவாக அவன் நிலத்தில் மூன்றில் ஒன்று, அதுவும் ஆயுள்வரை மட்டும். கணவன் கண் மூடினால்தான் அது கைக்கு வரும். அப்போதும் கொடுத்தார்களா? முதலாம் ரிச்சர்டின் மனைவி பெரங்காரியா தன் பங்குக்காகக் கொழுந்தன் ஜானோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். போப்பே தலையிட வேண்டியிருந்தது. 40 நாளுக்குள் கைம்பெண்ணுக்குப் பங்கு பிரித்துத் தரவேண்டும், மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1215-இல் மன்னர் ஜான் ஒப்பிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் எழுத நேர்ந்ததே, அது சும்மாவா?

பெண்ணின் சம்மதம் இல்லாமல் திருச்சபை மணம் செய்விக்காதே என்பார்கள். சரி, சம்மதம் சொல்லும் வயது எது? பெண்ணுக்கு 12. அதோடு, 1215 வரை ஏழு தலைமுறைக்குள் உறவிருந்தால் மணம் செல்லாது, அதன்பின் நான்கு. அரச குடும்பங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. ஆகவே வேண்டும்போது உறவைக் கண்டுகொள்ளாமல் கட்டலாம், வேண்டாதபோது வம்சாவளியை விரித்து அறுக்கலாம்.

டென்மார்க் இளவரசி இங்கபோர்க்குக்கு நடந்தது அதுதான். 1193 ஆகஸ்டு 14 அன்று அமியேன் நகரில் பிரான்சின் இரண்டாம் பிலிப்புடன் மணம். மறுநாளே பிலிப் அவரை விலக்கினார். மூன்று மாதத்துக்குள், பிலிப்பின் முதல் மனைவி வழியில் உறவு என்று பொய்யான வம்சாவளி காட்டி, மன்னரின் ஆயர்கள் மணத்தை ரத்து செய்தார்கள். பிரெஞ்சு தெரியாத அந்தப் பெண், 'பொல்லாத பிரான்சு! ரோம்! ரோம்!' என்று லத்தீனில் கதறினார். ரோம் அவர் பக்கம் நின்றது. 1200-இல் பிரான்சு முழுதும் தேவாலயச் சடங்குகளையே போப் நிறுத்தினார். ஆனாலும் அவர் காவலிலிருந்து அரசியாக மீண்டது 1213-இல். மனைவியாக இருந்ததற்கு 20 ஆண்டுத் தண்டனை!

அரசியல்ல, ஆனால் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் தாயான மார்கரெட் போஃபோர்ட் 1455-இல், 12 வயதில், தன் வயதில் இருமடங்கானவரான எட்மண்ட் டியூடருக்கு மனைவியானார். மனைவியின் நிலம் கணவனுக்கு ஆயுளுக்கும் சேர வேண்டுமானால் உயிரோடு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். உடல் முதிரும்வரை யார் காத்திருப்பார்? 13 வயதில், கணவரும் இறந்துவிட்ட நிலையில், ஹென்றியைப் பெற்றார். பிறகு இருவரை மணந்தும் வேறு பிள்ளை இல்லை. 1498-இல் தன் பேத்தியை ஸ்காட்லாந்து மன்னருக்கு அனுப்பப் பேச்சு எழுந்தபோது, அந்த மன்னர் காத்திருக்க மாட்டார், பிள்ளையின் உடலுக்குத் தீங்கு வரும் என்று தடுத்தவர் இந்தப் பாட்டிதான்.

நடுவர் அவர்களே, அந்த ஹென்றி 1485-இல் மன்னரானார். தாய்க்குச் சொத்தும் அதிகாரமும் தர விரும்பினார். அப்போது மார்கரெட்டின் கணவர் ஸ்டான்லி உயிரோடு இருக்கிறார். நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? சட்டத்தின் கண்ணில் மார்கரெட் கணவனைச் சாராத தனிப்பெண் என்று அறிவித்தது! மணம்தான் அதிகாரம் தந்தது என்றால், அந்த அறிவிப்பு எதற்குத் தேவைப்பட்டது? எதிரணியில் அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.