தேர் இழுத்தவர்களின் பெயர்

அவைக்கு என் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இசைப்பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மேளமும் வயலினும் கீபோர்டுமாக வாழ்ந்துகொண்டிருக்கும் கலைஞர்களே, மாணவச் செல்வங்களே! தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. காய்ச்சலோடு வந்திருக்கிறார். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நான் அவருக்கே போர்த்தியது அதனால்தான்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். இந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டுதான் பேச வந்திருக்கிறேன். மங்கீஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றி மூன்று செய்திகள். அவர்கள் உண்மையான இசைக்குழுவா? தொலைக்காட்சிக்கு அவர்கள் செய்தது என்ன? 1968இல் வந்த அவர்களுடைய ‘ஹெட்’ திரைப்படம் ஏன் ஓடவில்லை?

முதல் செய்தி. 1965 செப்டம்பரில் ஹாலிவுட் தொழில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. 17 முதல் 21 வயதுக்குள் நான்கு கிறுக்குப் பையன்கள் தேவை, தொலைக்காட்சித் தொடரில் நடிக்க. விளம்பரம் கொடுத்தவர்கள் பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்ற தயாரிப்பாளர்கள். நானூறு பேருக்கு மேல் வந்து நின்றார்கள். கடைசியில் தேறியவர்கள் டேவி ஜோன்ஸ், மிக்கி டோலென்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டார்க். 1966 செப்டம்பர் 12 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பம். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம். நீல் டயமண்ட் எழுதிக் கொடுத்த ‘ஐ’ம் எ பிலீவர்’ ஏழு வாரம் அங்கேயே நின்றது.

உடனே பழி வந்தது. இவர்கள் பாடத்தான் செய்கிறார்கள், வாசிப்பது ஸ்டூடியோ ஆட்கள், ஆகவே போலிகள் என்றார்கள். வாசித்தது பெரும்பாலும் ஸ்டூடியோ ஆட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1965இல் பைர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்புரின் மேன்’ பாட்டில் அந்தக் குழுவிலிருந்து வாசித்தவர் ராஜர் மெக்கின் ஒருவரே. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டில் பெரும்பகுதி ஸ்டூடியோ கலைஞர்களின் கைவண்ணம். அவர்களை யாராவது போலி என்றார்களா? மங்கீஸ் தொலைக்காட்சியில் பிறந்த பிள்ளைகள், அதனால் அடி அவர்களுக்கு மட்டும் விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1967 ஜனவரி. அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டு கடைக்கு வந்துவிட்டது. ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்த நால்வருக்கும் அது வெளியான சங்கதியே தெரியாது. கடையில் போய் வாங்கிப் பார்க்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் புரட்டினால், இசைப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர் தன்னுடைய பாடலாசிரியர்களைப் புகழ்ந்து எழுதிய குறிப்பு! கொதித்துப் போனார் நெஸ்மித். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் பேச்சுவார்த்தை. கிர்ஷ்னர் வெறுங்கையோடு வரவில்லை. பையன்களுக்கு ராயல்டி காசோலைகளோடு வந்தார். நெஸ்மித் அசையவில்லை. எங்கள் தட்டில் நாங்கள் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் விலகிக்கொள்கிறேன் என்றார். பக்கத்தில் இருந்த வக்கீல், ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான். எழுந்தார் நெஸ்மித், ஓங்கிக் குத்தினார், சுவரில் ஓட்டை விழுந்தது. “இது உன் முகமாக இருந்திருக்கும்!” என்று வக்கீலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்சம் பொறுங்கள், கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளையைப் பெற்ற தாய் யார் தெரியுமா? டாலஸில் ஒரு வங்கியில் செயலாளராக வேலை பார்த்தவர். தட்டச்சுப் பிழையை மறைக்க வீட்டுச் சமையலறையில் வெள்ளைத் திரவம் கலக்கி, ‘லிக்விட் பேப்பர்’ கண்டுபிடித்த பெட் நெஸ்மித்! தாய் பிழையை மறைக்க வழி கண்டார். மகனோ எதையும் மறைக்க மாட்டேன் என்று நின்றான்.

அடுத்த மாதமே கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். 1967 மே மாதம் ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ என்ற அவர்களுடைய மூன்றாவது இசைத்தட்டு வந்தது. டார்க் பியானோவிலும் பாஞ்சோவிலும், நெஸ்மித் கிதாரிலும் பெடல் ஸ்டீலிலும், தொடருக்காகவே டிரம்ஸ் கற்றுக்கொண்ட டோலென்ஸ் டிரம்ஸிலும் அமர்ந்தார்கள். கேட்டுப் பாருங்கள், தாளம் சில இடங்களில் முந்துகிறது, சில இடங்களில் தயங்குகிறது. கற்றுக்கொண்டிருக்கும் கை அது. எனக்கு அந்தக் கைதான் பிடிக்கும். ஒரு வாரம் முதலிடம். பிறகு பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்து தள்ளியது, ஆனால் ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ இரண்டாம் இடத்தில் பல வாரம் அசையாமல் நின்றது.

அந்த அட்டையில் ஒரு குறிப்பு இருக்கிறது. இதில் வாசித்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல, அங்கங்கே வெளியிலிருந்து வந்து பேஸ் கிதாரும் ஊதுகருவியும் வாசித்தவர்கள் உண்டு, அவர்கள் எங்கள் சொற்படி வாசித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். போலி என்று ஏசப்பட்ட பையன்கள் வந்து கைகொடுத்தவர்களை மறைக்கவில்லை. ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் பிடித்தவர் யார் என்று சொல்லிவிட்டால் அதில் மோசடி எங்கே இருக்கிறது? நம் சினிமாவில் நடிகர் வாயசைக்கிறார், பின்னணிப் பாடகர் பாடுகிறார், யாருக்கும் கோபம் வருவதில்லை. பாடியவர் பெயர் தட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதே பாட்டில் தபேலா வாசித்தவர் பெயர்? வீணை மீட்டியவர் பெயர்?

என் சித்தப்பா இருபது வருடம் ஸ்டூடியோக்களில் தபேலா வாசித்தார். கல்யாண வீட்டில் பாட்டு ஓடும்போது சாப்பாட்டு இலையின் ஓரத்தில் விரலால் தட்டி, “இந்த இடம் நான்” என்பார். அவர் பெயரை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. அவர் இருந்த வரையில் பாட்டுப் போடுகிற எந்தச் செயலியிலும் வந்ததில்லை.

ஆகவே மற்ற இரண்டு செய்திகளையும் இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. பாட்டு வெளியிடுபவர்கள் வாத்தியம் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் போட வேண்டும் என்பது கோரிக்கை. ஊர் கூடினால்தான் தேர் நகரும், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஸ்டூடியோவில் வாசித்தவர் யாராவது இருந்தால் அவர் பெயர், வாத்தியம், எந்தப் பாட்டு, மூன்றையும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை நான் எழுதிவிட்டேன். வணக்கம்.